காதில் ரப்பர் குழாய்

என் 1965 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டு வாரமாக ஒரே அடம். மெதுவாக ஓட்டினால் சாது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு நொடி திணறி, அப்புறம்தான் பாயும். பிளக், பாயிண்ட், ஃபில்டர் என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களின் உச்சியிலும் உள்ள சின்னக் குழலில் எண்ணெய் வற்றிக் கிடந்தது. உள்ளே இருக்கும் பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் பிடித்து வைப்பதே அந்த எண்ணெய்தான். அது இல்லையென்றால் அழுத்தும்போது காற்று முந்திக்கொள்ளும், பெட்ரோல் பின்தங்கும். மூடியைத் திருகி, கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன். அவ்வளவுதான்!

சரி, வந்த வேலையோடு இரண்டு கார்புரேட்டர்களையும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி ஒத்துப்போக வைத்துவிடலாம் என்று, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்டேன். இரண்டிலும் 'உஸ்' ஒரே சுருதியில் வர முக்கால் மணி நேரம் ஆனது. பேட்டரி பக்கம் இன்று போகவில்லை. சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட்டில் இரண்டு, அதிலும் பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். அதற்குத் தெளிந்த மூளை வேண்டும்.

கை கழுவியாச்சு. பெட்ரோல் வாசம் மட்டும் போகவில்லை. வீட்டில் முறைக்கிறார்கள்.