அப்பாவின் கண்ணும் பதினான்கு பக்கப் படிவமும்

ஜனவரி 20, 2025, திங்கள்

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அப்பா வலது கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிறதாம். பொங்கலுக்கு முந்தின வாரம் வைக்கோல் கட்டும்போது ஒரு தாள் சுள்ளென்று கண்ணில் அடித்தது. அம்மா நான்கு நாள் நந்தியாவட்டைப் பூவை ஒத்தி ஒத்தி எடுத்தாள். பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். கடைசியில் மருந்துக் கடையில் சொல்லி ஒரு சொட்டு மருந்து. அதைப் போட்டு இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. மூன்றாம் நாள் கருவிழியில் குருணை அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அப்போதுதான் எனக்கு போன் வந்தது.

கண் ஆஸ்பத்திரியில் அந்தக் குப்பியைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. ஸ்டீராய்டு கலந்ததாம். "பூஞ்சைக்கு நீங்களே உரம் வச்சிருக்கீங்க" என்றார். கண்ணை மரத்துப்போக வைத்து, பிளேடு நுனியால் புண்ணைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தேய்த்துக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் முடிவு வந்துவிட்டது. பூஞ்சையேதான். நுண்ணோக்கியில் நூல் நூலாகத் தெரியுமாம். வார்டில் சேர்த்து, பூஞ்சைக்கான நேட்டமைசின் சொட்டு தொடங்கினார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. நன்றாகக் குலுக்கி, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை விட வேண்டும்.

சாயங்காலம் ஒரு பெண் கையில் ஒரு கட்டுத் தாளோடு வந்து உட்கார்ந்தார். கழுத்துப் பட்டையில் 'ஸ்டடி கோஆர்டினேட்டர்' என்று இருந்தது. பூஞ்சைப் புண்ணுக்கு ஓர் ஆய்வு நடக்கிறது, ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், ஐயாவுக்கு விருப்பமிருந்தால் சேரலாம் என்றார். எல்லாருக்கும் நேட்டமைசின் உண்டு. அதோடு இன்னொரு சொட்டும் விட்டால் நன்றாக ஆறுமா என்று பார்ப்பதுதான் ஆய்வு. "இல்லன்னு சொன்னாலும் இதே வார்டு, இதே டாக்டர், இதே மருந்து. வீட்ல பேசிட்டு நாளன்னைக்குச் சொல்லுங்க." தாள்களைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவசரப்படுத்தாதது எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

மேலூர் இ-சேவை மையத்தில் ஒன்பது வருடமாக மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். "எங்கத்தா போடணும்?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் ஒரே கேள்வி. ஆனால் இந்தப் பதினான்கு பக்கத்தை அப்பா வரிவரியாக வாசிக்கச் சொன்னார். வார்டில் வேறு பொழுதுபோக்கும் இல்லை.

மூன்றாம் பக்கத்திலேயே தகராறு. 'ஒரு பிரிவினருக்குப் போலி மருந்து வழங்கப்படும்' என்று இருந்தது. அம்மா எழுந்தே விட்டாள். "டூப்ளிகேட் மருந்தா? அத எழுதி வேற குடுக்குறாங்களா?" எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், இதை மொழிபெயர்த்தவர் மேல் எரிச்சல் ஒருபக்கம். போலி மருந்து என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? போலீஸ் பிடிக்கிற சரக்கு. 'மருந்து கலக்காத சொட்டு' என்று எழுதியிருந்தால் முடிந்தது. குப்பி ஒரே மாதிரி இருக்கும், யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குகிற மாதிரி ஒதுக்கிவிடும் என்று சொன்னேன். டாக்டருக்கே தெரியாது என்பதை அம்மா கடைசிவரை நம்பவில்லை.

மற்றவை ஓரளவு தெளிவாகவே இருந்தன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு அவர்களுடையது, இழப்பீடும் உண்டு. இது 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகளிலேயே இருக்கிறது. ஆய்வை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பாதிப் பேராவது ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத வெளியாட்கள், அதில் சட்டம் தெரிந்த ஒருவரும் நம்மைப் போன்ற சாதாரண ஆள் ஒருவரும் கட்டாயம். அந்தச் சாதாரண ஆளிடம் இந்தத் தமிழை ஒரு தடவை வாசிக்கக் கொடுத்திருக்கலாம்.

மாமா போனில், "கண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எத்தன லட்சம்னு இப்பவே கேட்டு வையி" என்றார். போக்குவரத்துக் காசு தருவார்கள் என்பதைத் தவிர அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை.

ராத்திரி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டைப் போனில் திறந்தேன். நாட்டில் மனிதர்கள் மேல் நடக்கும் ஆய்வுகள் பதிவாகும் இடம் அது. 2007-இல் தொடங்கியது. மருந்து ஆய்வுகளுக்கு 2009-லிருந்து கட்டாயம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிந்தாக வேண்டும். எங்கள் ஆய்வும் இருந்தது. ஆள் சேர்ப்பு நடக்கிறது என்று போட்டிருந்தார்கள். யார் பணம் போடுகிறார்கள், யார் பொறுப்பு, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் எல்லாம் ஆங்கிலத்தில். அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கண் துளைபட்டிருக்கக் கூடாது. கர்ப்பிணிகள் கூடாது. மற்ற கண்ணில், கண்ணாடி போட்டும் பார்வை 6/60-க்குக் கீழே இருக்கக் கூடாது; அதாவது எழுத்துப் பலகையில் முதல் பெரிய எழுத்தாவது தெரிய வேண்டும். அப்புறமும் ஐந்தாறு. முடித்துவிட்டுப் பார்த்தால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

ஜனவரி 22, புதன்

காலையில் அந்தப் பெண்ணும் ஒரு டாக்டரும் வந்தார்கள். என்ன புரிந்தது என்று அப்பாவையே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். "மருந்து உள்ள சொட்டோ இல்லாத சொட்டோ, என் யோகம்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை, சரியென்று குறித்துக்கொண்டார்.

இந்த நேட்டமைசினே நல்லது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். டாக்டர் உட்கார்ந்தே சொன்னார். 2010 ஏப்ரலிலிருந்து 2011 டிசம்பர் வரை அரவிந்த் கண் மருத்துவமனைகளில், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, பூஞ்சைப் புண் வந்த 323 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு நேட்டமைசின், மறு பாதிக்கு வோரிகோனசோல். வோரிகோனசோல்தான் புதுசு, அது மேல் பலருக்கும் நம்பிக்கை இருந்தது. 2013-இல் முடிவு வெளிவந்தபோது ஜெயித்தது பழைய நேட்டமைசின். மற்றதை விட்டுக்கொண்டவர்களில் கண் துளைபட்டவர்கள், கருவிழி மாற்ற வேண்டிவந்தவர்கள் அதிகம்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அந்தப் பாதிப் பேரு?"

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. அன்றைக்கு எது நல்லது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் அந்த ஆய்வையே நடத்தியிருக்க முடியாது, தெரியாததனால்தான் நடந்தது என்றார். நியாயம்தான். ஆனாலும் அந்தப் பாதியில் மேலூர் பக்கத்து ஆள் யாராவது இருந்திருப்பாரா என்று மனசு அங்கேயே நின்றது. இந்தப் புண் நம் பக்கத்துக்குப் புதிதில்லை. 1990-களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த ஒரு கணக்கில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருக்கிறது. பெரும்பாலும் நெல்லும் வைக்கோலும் மண்ணும் மிதிக்கிற ஜனம்தான்.

அப்பா கையெழுத்துப் போட்டார். நேரத்தையும் அவரையே எழுதச் சொன்னார்கள். ஒரு நகல் எங்களுக்கு. சேர்க்கைக்கு முந்தின சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். பின்னாடியே அந்தப் பெண். "மன்னிச்சுக்கங்க ஐயா, உங்கள இதுல சேக்க முடியாது" என்றார். இடது கண்ணில் எந்தக் கண்ணாடி மாட்டிப் பார்த்தும் முதல் எழுத்துக்கு மேல் போகவில்லையாம்; அந்த எழுத்தையும் கிட்டே போய்த்தான் சொல்லியிருக்கிறார். புண் வந்த கண்தான் இவருக்கு உள்ள ஒரே நல்ல கண். அப்படிப்பட்டவரை வைத்து ஆய்வு செய்யக் கூடாது என்பது விதி.

அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருடக் குடித்தனம். அவளுக்கே தெரியாது.

"சின்னப் பிள்ளையிலருந்தே மங்கல்தான். பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு எங்கப்பா சொல்ல வேணாம்னுட்டாரு. அப்புறம் சொல்ல என்ன இருக்கு?"

நேற்றிரவு அந்த வரியை வாசித்தபோது கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாரா என்று கேட்டேன். ஆமாம் என்றார். "பெரிய மருந்து கெடச்சாலும் கெடைக்கும், பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் ஆத்தா."

கிடைப்பது பெரிய மருந்துதான் என்று யாரும் சொல்லவில்லை. வெறும் சொட்டாக இருக்கலாம் என்று காலையில் அவரே சொன்னார். சொன்னதும் நிஜம், மனசுக்குள் ஆசைப்பட்டதும் நிஜம்.

ஜனவரி 23, வியாழன்

அப்பா யாரோடும் பேசவில்லை. சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள் என்று முந்தாநாள் கொதித்த அம்மாவே இன்று, "அந்தக் கண்ண வச்சு வேண்டாங்கிறது என்ன ஞாயம்?" என்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன மாதிரி ஒரு முகம் இரண்டு பேருக்கும்.

சாயங்காலம், எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாரும் எதிர்த்த அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்து என்று செய்தி வந்தது. வார்டிலிருந்த எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கண்ணில் கட்டோடு ஒரு பெரியவர் கைதட்ட, நர்ஸ் வந்து அதட்டினார். அப்பா அப்போதுதான் சிரித்தார்.

ஜனவரி 28, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் போனில் காலை ஆறு முதல் ராத்திரி பத்து வரை மணிக்கொரு அலாரம். மையத்துக்கு வருகிறவர்கள் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். அம்மாவுக்கு இப்போது குலுக்கும் பக்குவம் கைவந்துவிட்டது.

பிப்ரவரி 12, புதன்

புண்ணின் ஓரம் சுருங்கியிருக்கிறது. ஆறினாலும் தழும்பு நிற்கும், எவ்வளவு மறைக்கும் என்று போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். இடது கண்ணுக்கு இந்த வயதில் செய்ய ஒன்றுமில்லை. எட்டு வயதுக்குள் பார்த்திருந்தால் நல்ல கண்ணைக் கொஞ்ச காலம் மூடி வைத்தே சரிசெய்யப் பார்த்திருக்கலாம். என் மகனுக்கு ஆறு. அவனையும் அடுத்த தடவை கூட்டிப்போக வேண்டும்.

வராந்தாவில் அதே பெண், அதே தாள்கட்டு, எதிரே உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவரும் அவர் மனைவியும். மூன்றாம் பக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. அந்த அம்மா குரலை உயர்த்தினார். அப்பா நின்றார். "டூப்ளிகேட் இல்லத்தா, வெறும் சொட்டு. பயப்படாம போடச் சொல்லு" என்றார்.

கோஆர்டினேட்டர் எழுந்து வந்தார். "ஐயா, நீங்க சொல்லக் கூடாது. அவங்களே முடிவு பண்ணணும்."

"சரி சரி" என்று நடந்தவர், படியிறங்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அவனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுமா?"

மணி பதினொன்று. அலாரம் அடித்தது. மாட்டுத்தாவணியில் நிழல் பார்த்து உட்காரவைத்து, குப்பியைக் குலுக்கினேன்.