ஸ்பதோனேயுடன் ஒரு வாரம்

இத்தாலியின் பொலோனியா நகரத்தில் பழைய தெருக்கள் வழியே நடப்பவர் மழைக்கும் வெயிலுக்கும் குடை தேட வேண்டியதில்லை. வீடுகளின் மேல்மாடிகள் தெருப்பக்கம் நீண்டு தூண்களின் மேல் நிற்பதால், அவற்றின் அடியில் கிலோமீட்டர் கணக்கில் நிழல் நடைபாதை ஓடுகிறது. அந்தத் தூண் நடைபாதைகள் குறைந்தது ஏழு பொலோனிய அடி, இன்றைய அளவில் 2.66 மீட்டர், உயரம் இருக்க வேண்டும் என்று 1288-ஆம் ஆண்டிலேயே நகரச் சட்டம் வகுத்திருக்கிறது. குதிரைமேல் வருபவர் தலை இடிக்காமல் போவதற்காக வைத்த உயரம் அது. மற்றப் பயணிகள் வளைவுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்த அக்டோபர் மாலையில் நான் மட்டும் அண்ணாந்து பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினால் என் முஷ்டி இரண்டு மீட்டர் உயரத்துக்குப் போகும், அந்த வாரம் என் கையில் தரப்படவிருந்த வாளின் அலகோ 115 சென்டிமீட்டர். அந்த நடைபாதையில் நின்று மேலிருந்து வெட்ட முயன்றால் முதலில் உடைவது எதிரியின் மண்டையாக இருக்காது, யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையின் அடித்தளமாகத்தான் இருக்கும்.

இரு கைகளாலும் பிடித்து வீசும் அந்தப் பெருவாளை இத்தாலியர்கள் ஸ்பதோனே என்கிறார்கள். ஸ்பாதா என்றால் வாள், ஸ்பதோனே என்றால் பெரிய வாள், அவ்வளவுதான் பெயரின் பொருள். அதைக் கற்கப் பொலோனியாவுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் இந்த நகரத்து வாளாசிரியர்கள் தமக்கென ஒரு பாடமரபையே உருவாக்கியிருந்தார்கள். அவர்களில் அக்கில்லே மரோட்ஸோ 1536-இல் மொதேனாவில் அச்சிட்ட 'ஓபெரா நோவா' என்ற நூல் தனிவாள், கேடயம், குறுவாள், ஈட்டி வகைகள் என்று பலவற்றையும் கற்பிப்பதோடு, இருகை வாளுக்கும் நீண்ட பயிற்சித் தொடர்களைத் தருகிறது. இடையில் இந்தக் கலை கைமாறி வராமல் அறுந்துபோனதால், இன்று பயில்பவர்கள் அந்தப் பழைய ஏடுகளை வரிவரியாகப் படித்து, உடம்பில் செய்து பார்த்து, தவறென்று தெரிந்தால் மறுபடி ஏட்டுக்குத் திரும்பித்தான் அதை மீட்டெடுக்கிறார்கள். ஆசிரியர் பக்கம் புரட்டிக்கொண்டே வாள் சொல்லித் தருவதை நான் அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன்.

வகுப்பு நடந்தது நகர மையத்திலிருந்து அரைமணி நடையில் இருந்த ஒரு விளையாட்டுக் கூடத்தில். மாலை ஏழரை மணிக்குக் கூடைப்பந்துச் சிறுவர்கள் வெளியேறியதும் நாங்கள் உள்ளே போவோம். முதல் நாள் எனக்கு வாளே தரவில்லை. தரையில் ஒட்டியிருந்த நாடாக் கோடுகளின் மேல் கால் மாற்றி நடக்கச் சொன்னார் ஆசிரியர். வலது கால் முன்னே வந்து வலப்பக்கம் விலகும், இடது கால் பின்னால் தொடர்ந்து வந்து சேரும். பிறகு இடது கால் முன்னே, இடப்பக்கம். முக்கால் மணிநேரம் இதுவே நடந்தது. வாள் பழகப் பணம் கட்டிவிட்டு நடை பழகுகிறோமே என்ற எரிச்சல் எனக்குள் ஏறிக்கொண்டிருந்தது என்பதை மறைப்பானேன்.

மறுநாள் தந்தார். தரையில் ஊன்றி நிறுத்தியபோது அதன் கைப்பிடிக் குமிழ் என் நெற்றியைத் தொட்டது. நுனி உருட்டி, விளிம்பு மழுக்கிய பயிற்சி வாள், எடை 2.6 கிலோ. இத்தகைய வாள்கள் பத்துக் கிலோ, பதினைந்து கிலோ இருக்கும் என்று நம்புகிறவர்கள் பலர். போரில் பயன்பட்டவை பெரும்பாலும் 2 முதல் 3.5 கிலோவுக்குள் அடங்கும், ஊர்வலங்களில் தோளில் ஏந்திச் செல்வதற்காகச் செய்தவையே அதைவிடக் கனமானவை. ஆனால் எடை என்பது தராசு சொல்வது மட்டுமன்று என்பதை ஐந்தே நிமிடத்தில் அறிந்துகொண்டேன். கையில் சும்மா பிடித்திருக்கும்போது ஒரு குடம் தண்ணீரைவிட எவ்வளவோ லேசாக இருந்த அதே பொருள், வீசத் தொடங்கியதும் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று.

அடிப்படை வெட்டுகளின் பெயர்களைப் பொலோனியர்கள் திசை வைத்துச் சொல்கிறார்கள். வலப்பக்கத்திலிருந்து புறப்படுவது மாந்திரித்தோ, இடப்பக்கத்திலிருந்து புறப்படுவது ரிவெர்சோ. நெட்டாக மேலிருந்து கீழே பிளப்பது ஃபெந்தெந்தே, கிடைமட்டமாகச் சுழல்வது தோந்தோ. முன்விளிம்பால் வெட்டாமல் பின்விளிம்பால் கீழிருந்து மேலே கிளப்புவது ஃபால்சோ. மாந்திரித்தோ வீசும்போது வலது கால் முன்னே போக வேண்டும், ரிவெர்சோவுக்கு இடது கால். முதல் நாள் நடை எதற்காக என்பது அப்போதுதான் விளங்கிற்று. வாள் வலமிருந்து இடம் போய் முடியும் இடத்தில் அதை நிறுத்தக் கூடாது. அது தானாகவே சுழன்று பின்னால் ஏறி, அடுத்த ரிவெர்சோவாக இறங்கிவிடும், கால் அதற்கு வழிவிட்டு மாற வேண்டும், அவ்வளவே. இந்தத் தொடர் சுழற்சிக்கு மொலினெல்லோ என்று பெயர், சிறிய ஆலை என்பது பொருள். கால் அரை நொடி தாமதித்தால் ஆலை கோணிவிடும், நாம் தள்ளாடுவோம்.

சிறுவயதில் இரண்டு ஆண்டு சிலம்பம் ஆடியவன் நான். அது உதவும் என்று நினைத்திருந்தேன், பாதிதான் உதவியது. சுழற்சியைக் கண்டு பயமில்லாமல் இருந்தது, தோள் இறுகாமல் இருந்தது. ஆனால் கம்பில் கை வழுக்கி நகர்ந்துகொண்டே இருக்கும், பிடி மாறும். ஸ்பதோனேயில் வலது கை, அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில் குறுக்காக நிற்கும் குறுக்குக் காப்பின் அடியிலேயே இருக்க, கைப்பிடியின் கோடியில் இருக்கும் இடது கைதான் துடுப்புப்போல இழுத்தும் தள்ளியும் அலகைத் திருப்புகிறது. என் இடது கையோ ஒவ்வொரு சுற்றிலும் பழைய பழக்கத்தில் மேலேறி வலது கையோடு ஒட்டிக்கொண்டது. கூடவே பயின்ற மருந்துக்கடைக்கார அம்மையார் ஒருவர், அறுபதை நெருங்கியவர், அந்தக் கூடத்திலேயே ஆசிரியருக்கு அடுத்து நேர்த்தியாக வீசக்கூடியவர், என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "உங்கள் இடது கை தூங்குகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வீசும்போது இன்னொன்றைக் கவனித்தேன். அவருடைய வாள் ஒவ்வொரு வெட்டிலும் விர்ரென்று ஒலித்தது, என்னுடையது ஊமையாக இருந்தது. அலகின் நடுவே ஓடும் பள்ளம்தான் அந்த ஒலியைத் தருகிறது. விளிம்பு போகிற திசையும் வாள் போகிற திசையும் ஒன்றாக இருந்தால் காற்று பள்ளத்தில் சீறும், அலகு சற்றே சாய்ந்துவிட்டால் காற்று தட்டையில் மோதி அடங்கிவிடும். அதற்குப் பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டுதான் பழகினேன். இடது கையை அடிக்குமிழில் பூட்டி, மணிக்கட்டைக் கடைசி நேரத்தில் திருப்பும் பழக்கத்தை விட்டு, நூறு தடவைக்கு மேல் வீசியபின் ஒரு ரிவெர்சோ மெலிதாகச் சீறியது. அடுத்த பத்தும் மறுபடி ஊமை.

மூன்றாம் மாலை நடந்த விபத்துக்கு என் வீம்புதான் காரணம். தோந்தோ ஒன்றை வீசிவிட்டு, பாதி வழியில் மனம் மாறி, அதை அங்கேயே நிறுத்தி, தற்காத்து நிற்கும் காவல்நிலைக்குக் கொண்டுவர முயன்றேன். வாள் நிற்கவில்லை, இடது மணிக்கட்டில் ஏதோ சுளுக்கென்றது. வீங்கிய கையோடு மறுநாள் முழுவதும் லேசான மரவாளை வைத்துக்கொண்டு நின்றேன். இந்தப் பயணத்துக்கென்றே இணையத்தில் ஒரு கடையில் வாங்கிய தடித்த கையுறைகளும் கைகொடுக்கவில்லை, அவற்றின் விரல்கள் குறுக்குக் காப்பின் அடியில் நுழையவே இல்லை. அளவு அட்டவணை பார்த்து வாங்கியதற்கு அந்தக் கடை சொன்ன பதிலை இங்கே எழுதாமல் விடுவது நல்லது. மாட்டுத்தோலில் தைத்த சாதாரணத் தோட்டவேலைக் கையுறை ஒன்றைக் கடன் வாங்கி அணிந்தபின்தான் பிடி கைக்கு வந்தது.

மரவாளோடு ஓரமாக நின்ற அந்த மாலையில் மரோட்ஸோவின் ஏட்டை நிதானமாகப் பார்க்க வாய்த்தது. புதிய மாணவன் முதலில் வாளின் கைப்பிடியைத் தொட்டு, ஆசிரியருக்கு எதிராக நிற்க மாட்டேன், அவர் அனுமதியின்றிப் பிறருக்குக் கற்பிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்கிறார் அவர். பிறகு வெட்டுகளின் பாதைகளைக் கோடுகளாகக் காட்டும் படத்தின் முன் அவனை நிறுத்தி, ஒவ்வொரு வெட்டின் பெயரையும் அதன் பாதையையும் கற்பிக்கச் சொல்கிறார். எங்கள் கூடத்தின் சுவரிலும் அத்தகைய படம் ஒன்று காகிதத்தில் ஒட்டியிருந்தது. காவல்நிலைகளின் பெயர்கள் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. வாள் முனையைத் தாழ்த்தி முன்னே மறித்து நிற்பது இரும்புக் கதவு, இன்னொன்று நீண்ட வால், மற்றொன்று காட்டுப்பன்றியின் பெயர் சேர்ந்த இரும்புக் கதவு. ஒரு காவல்நிலை என்பது சிலைபோல நிற்கும் இடமன்று, ஒரு வெட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் என்று ஆசிரியர் சொன்னதை, சுளுக்கிய மணிக்கட்டோடு கேட்டதால் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்லை. ரயிலேறி வெனிஸுக்குப் போனேன். வழியில் பாதுவா நிலையத்தில் வண்டி நின்றபோது ஃபிரான்செஸ்கோ அல்ஃபியேரியை நினைத்துக்கொண்டேன். அந்த ஊரின் தெலியா அகாதமியில் வாளாசிரியராக இருந்த அவர், 1638-இல் கொடி வீசும் கலை பற்றி ஒரு நூலும், 1653-இல் ஸ்பதோனே பற்றி ஒரு நூலும் எழுதியவர். வாளையும் கொடியையும் ஒரே ஆள் கற்பித்ததில் எனக்கு இப்போது வியப்பில்லை. இரண்டையும் ஓயாமல் சுழலவிட வேண்டும், இரண்டும் நின்றால் கையில் சுற்றிக்கொள்ளும்.

வெனிஸில், பழைய வெனிஸ் குடியரசின் தலைவர்கள் வாழ்ந்த தோஜே அரண்மனையின் ஆயுதச்சாலையில் இருகை வாள்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். பக்கத்திலிருந்தவர்கள் பிரான்சின் நான்காம் ஹென்றி குடியரசுக்குப் பரிசாகத் தந்த கவசத்தைத் தேடிக்கொண்டிருக்க, நான் கைப்பிடிகளின் நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதே நகரத்தில்தான் 1570-இல் ஜாகோமோ தி கிராஸ்ஸியின் வாள்நூல் அச்சானது. இந்தப் பெருவாள் எதற்கு என்று அவர் தெளிவாகவே சொல்கிறார். துடுப்புக் கப்பல்கள் பலவற்றின் நடுவே ஒரு பெரும் பாய்க்கப்பல் நிற்பதுபோல, பலரை ஒருவராக எதிர்க்க இது உதவும், அதனால் போரில் கொடியின் அருகே அதைக் காப்பதற்காக இந்த வாளேந்தியை நிறுத்துகிறார்கள், நகரத்திலும் இரவிலும் பகலிலும், சிலர் பலரை எதிர்க்க நேரும் இடங்களில் இது புழங்குகிறது என்கிறார். இதை வீசுபவர்கள் முழு வட்ட வெட்டுகளையே நம்பி, குத்துவதை அடியோடு விட்டுவிடுகிறார்கள் என்றும், குத்து ஒருவனை மட்டும்தான் மிரட்டும், வெட்டோ பலரைத் தடுக்கும் என்பது அவர்கள் எண்ணம் என்றும் எழுதுகிறார். அரண்மனையை விட்டு வெளியே வந்து, இரண்டு பேர் குடை பிடித்து எதிரெதிரே வந்தால் ஒருவர் சாய்ந்து வழிவிட வேண்டிய சந்துகளில் நடந்தபோது, இங்கே வட்டத்துக்கு ஏது இடம், குத்துதான் சரி என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன்.

அந்தத் தீர்ப்பு இரண்டே நாளில் சோதனைக்கு வந்தது. கடைசி மாலையில் ஆசிரியர் கூடத்தின் நடுவே ஒரு துடைப்பக் கம்பை நிறுத்தி, அதில் நான் அணிந்து வந்த கோட்டையே கொடியாகத் தொங்கவிட்டார். நுரை சுற்றிய மெத்தென்ற ஸ்பதோனே ஒன்றை என்னிடம் தந்து, நான்கு பேரை நுரைக் கம்புகளோடு சுற்றிலும் நிறுத்தினார். கொடியை யாரும் தொடக் கூடாது. முதல் ஆட்டத்தில் எட்டு நொடிதான் நின்றேன். எதிரே வந்தவரைப் பார்த்து வீசியதில் முதுகுப்பக்கம் திறந்துகொண்டது. அடுத்த ஆட்டத்தில் ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாளையும் காலையும் மட்டும் ஓடவிட்டேன். மாந்திரித்தோ, கால் மாற்றம், ரிவெர்சோ, பின்னால் திரும்பி ஃபால்சோ, மறுபடி மாந்திரித்தோ என்று போனபோது, நால்வரும் வட்டத்துக்கு வெளியே தயங்கி நின்றார்கள். ஒருவரையும் நான் தொடவில்லை, தொட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நுரைவாள் சீறாது என்பது தெரிந்தும் காது ஒலியைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் கடந்தது என்று யாரோ சொன்னது கேட்டது.

அப்போது இடப்பக்கம் நின்ற இளைஞர் ஒருவர் கம்பைத் தாழ்த்திச் சற்றே அதிகமாக முன்னே வந்தார். மார்பு முழுவதும் திறந்து கிடந்தது. சுழற்சியை அறுத்து, இரு கைகளாலும் முனையை நேரே நீட்டி, அழகாகக் குத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே பின்வாங்கினார். நான் வாளை மறுபடி சுழலவிடுவதற்குள், பின்னாலிருந்து மருந்துக்கடைக்கார அம்மையார் இரண்டே எட்டில் உள்ளே வந்து கம்பிலிருந்த கோட்டை எடுத்துவிட்டார். கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றவர், ஆட்டம் முடிந்ததும் அதை உதறி என் தோளில் போட்டு, "வெளியே நல்ல குளிர், பொத்தானையும் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.