எந்த ஊர் தம்பி?

அந்தப் பையனுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டேன். பொய் சொன்னதைக்கூட எப்படியாவது நியாயப்படுத்திவிடலாம். இந்தக் கேள்வியைத்தான் இன்னும் விழுங்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஊர் கேட்பது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஊரைச் சொன்னால் அடுத்து "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று வரும். அது வரைக்கும் நான் போகவில்லை. தேவைப்படவில்லை.

நான் வேலை பார்க்கும் மியூசியத்தில் ஒரு நடுகல்லின் லேபிளை மாற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. பழைய லேபிளையும் நான்தான் எழுதினேன். 'ஆநிரை கவரச் சென்று இறந்த வீரனின் நடுகல். வட்டெழுத்து. பல்லவர் காலம்.' கீழே இரண்டு ஊர்ப் பெயர்கள்: வீரனின் ஊர், அவன் மாடு ஓட்டப் போன ஊர். கல்லிலும் அதுதான் இருக்கிறது. 'தொறுக் கொண்டு பட்டான்.' தொறு என்றால் மந்தை, பட்டான் என்றால் செத்தான். எட்டு வருஷம் அந்த லேபிள் அங்கே இருந்தது. அதில் இருந்த ஒரு எழுத்துப்பிழையை நானே ஐந்தாவது வருஷம்தான் கவனித்தேன். அந்த அழகில்தான் எங்கள் லேபிள்களை ஜனங்கள் படிக்கிறார்கள்.

யாரோ ஒருவர் மட்டும் படித்திருக்கிறார். படம் எடுத்து, 'மாட்டுத் திருடன் பேரனுங்க' என்று மேலே எழுதி ஸ்டேட்டஸ் போட்டுவிட்டார். கல்லில் உள்ள இரண்டு ஊர்களும் இன்றைக்கும் அதே பெயரோடு இருக்கின்றன. இரண்டிலும் பெரும்பான்மை வேறு வேறு ஆட்கள். தேர்தல் நேரம் வேறு. 2012 நவம்பரில் சாதி வன்முறையில் நத்தம் காலனி எரிந்ததைப் பார்த்த தருமபுரி மாவட்டத்தில் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பதினைந்து பேர் வந்தார்கள். கூச்சல் எதுவும் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். முன்னால் நின்ற பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கல்லுக்கு எதிரே வந்தார்.

"சார், இவரு எங்க வேடியப்பன். நீங்க கல்ல எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க. அது இருந்த எடத்துல செங்கல்ல நட்டு இன்னைக்கும் கெடா வெட்டறோம். அவரப் போயி திருடன்னு எழுதி வெச்சிருக்கீங்களே."

"திருடன்னு எழுதலீங்க ஐயா. கவரச் சென்ற வீரன்னுதான்…"

"கவர்றதுன்னா இன்னா சார்? பேப்பர்ல நகைய கவர்ந்து சென்றனர்னு போடறானே, அது இன்னா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு வந்ததெல்லாம் பாடம். மாடு கவர்வதைப் பாடும் வெட்சித் திணை பற்றிச் சொன்னேன். மாட்டை ஓட்டி வருவது அந்தக் காலத்தில் போரின் தொடக்கம், அதில் இறப்பது பெருமை, அதனால்தான் கல்லே நட்டார்கள் என்றேன். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி (தமிழ் பிராமி) எழுத்து நடுகல்லில்கூட 'ஆகோள்' என்ற சொல் இருக்கிறது, ஆகோள் என்றால் மாடு பிடிப்பதுதான், அவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள் என்றேன். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஸ்டேட்டஸ் போட்டவனுக்குத் தெரியுமா?"

அவர்கள் கேட்டது ஒரே ஒரு சொல். 'கவர' என்பதை எடுத்துவிட்டு 'மீட்க' என்று போட வேண்டும். மாட்டை மீட்கப் போய் இறந்த வீரர்களுக்கு இந்தப் பக்கத்தில் எத்தனையோ கற்கள் உண்டு. 'தொறு மீட்டுப் பட்டான்' என்பதும் நடுகல்லில் சகஜமாக வரும் தொடர்தான். இன்னும் ஒரு கல்லை அந்தக் கணக்கில் சேர்த்தால் யாருக்கு நஷ்டம்? முடியாது என்றேன். கல்லில் இல்லாததை எழுத மாட்டேன் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அன்று ராத்திரி வீட்டில் அதைப் பெருமையாகவும் சொன்னேன்.

மறுநாள் மேலேயிருந்து போன் வந்தது. 'மீட்க' வேண்டாம், 'கவர'வும் வேண்டாம், பொதுவாக ஏதாவது போடுங்கள் என்றார்கள். 'ஆநிரைப் பூசலில் இறந்த வீரன்' என்று எழுதிக் கொடுத்தேன். ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டேன். அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது என் சொந்த யோசனை. பூசல் என்பது பொய் இல்லை. கவர்ந்தாலும் மீட்டாலும் பூசல்தான். தொல்காப்பியத்திலேயே மீட்பதும் வெட்சிக்குள்தான் அடங்கும். கரந்தை என்று தனித் திணையாகப் பிரித்தது பின்னால் வந்தவர்கள். ஆக, என் லேபிளுக்குத் தொல்காப்பியர் துணை இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சங்கடமான நேரத்தில் இலக்கணம் எப்படியெல்லாம் கைகொடுக்கிறது பாருங்கள்.

இன்னொரு சமாதானமும் உண்டு. காட்டில் கிடக்கும் நடுகல்லின் கதி எனக்குத் தெரியும். அரிவாள் தீட்டித் தீட்டி வீரனின் முகமே போன கல்லைப் பார்த்திருக்கிறேன். கல்வெர்ட்டுக்கு அடியில் குப்புறக் கிடந்த கல்லைப் பார்த்திருக்கிறேன். கல்லைக் காப்பாற்ற ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்த பதினைந்து பேரில் ஒருவர்கூடக் கல்லை உடைப்போம் என்று சொல்லவில்லை. அவர்கள் கற்பூரம் ஏற்றலாமா என்று கேட்டார்கள். நான்தான் விதிப்படி கூடாது என்றேன்.

பெரியவரிடம் நான் நடத்திய பாடத்தில் வசதியாக விட்டுவிட்ட கல் ஒன்று இருக்கிறது. செங்கம் பக்கம் எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளுக்காகச் செத்த வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி, அது இரண்டு 'கள்ளனை'க் கடித்துக் காத்தது என்று சொல்கிற கல். பள்ளிப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை. கோவிவனைச் சொந்தம் கொண்டாடி இதுவரை எந்தச் சங்கமும் வந்ததில்லை. விஷயம் என்னவென்றால், மாடு பிடிக்க வந்தவனை மாட்டுக்காரன் 7ஆம் நூற்றாண்டிலேயே கள்ளன் என்றுதான் எழுதி வைத்திருக்கிறான். ஓட்டிப்போன ஊரில் வீரன், பறிகொடுத்த ஊரில் கள்ளன். அப்படியானால் ஸ்டேட்டஸ் போட்டவன் சொன்னதிலும் ஒரு பக்கத்து உண்மை இருக்கிறது. பெரியவருடைய கோபமும் அறியாமை இல்லை. 'கவர' என்று நடுவில் நின்று எழுதியதாக நினைத்த நான்தான் எங்கே நின்றேன் என்று இப்போது தெரியவில்லை.

பையன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். காலேஜ் படிப்பவன் போல இருந்தான். பதினைந்து பேரில் இவனும் இருந்தானா என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. கல்லின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். பிறகு வந்து கேட்டான்.

"சார், இதுல நெஜமா இன்னா எழுதியிருக்கு?"

அப்போதுதான் ஊரைக் கேட்டேன். சொன்னான். இரண்டு ஊர்களில் ஒன்று. எது என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

"தேஞ்சு போச்சு தம்பி. சரியாப் படிக்க முடியல."

அவன் எதுவும் பேசாமல் திரும்பிப் போனான். செல்போனில் டார்ச் போட்டு, வெளிச்சத்தைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தான். நேராக அடித்தால் எழுத்து மறையும், சாய்த்தால் நிழல் விழுந்து எழும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும்போது நான் செய்து காட்டுகிற வித்தை. எப்போதோ யூனிஃபார்மில் வந்து என்னிடமே பார்த்திருப்பான். வரி வரியாக எழுத்து எழுந்து நின்றது. இந்த அரங்கில் இவ்வளவு சுத்தமாக வெட்டிய எழுத்து வேறு கல்லில் இல்லை.

"நல்லாத்தானே தெரியுது சார்?"

"தெரியுது. அர்த்தம்தான் பிடிபடல."

இது முதல் பொய்யைவிட மோசம். முதலாவதில் கல்லைக் குறை சொன்னேன். இரண்டாவதில் பதினெட்டு வருஷமாகச் சம்பளம் வாங்குகிற என் வேலையையே இல்லை என்றேன். அவனுக்கு அந்தப் பழைய வட்டெழுத்து தெரியாது என்ற தைரியம்தான். கோபமாக வந்த கூட்டத்துக்கு முன்னால் உண்மை பேசிய நான், மரியாதையாக வந்த ஒருவனிடம் பேசவில்லை. சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? ஒருவேளை ஒன்றுமே செய்திருக்க மாட்டான். ஒருவேளை அன்றைக்குச் சாயங்காலமே இன்னொரு ஸ்டேட்டஸ். இரண்டில் எது என்று முடிவு செய்ய என்னிடம் இருந்தது அவன் ஊர்ப் பெயர் மட்டும்தான். அதை வைத்தே முடிவு செய்தேன். அந்த இன்னொரு ஊரின் பெயரைச் சொல்லியிருந்தால் படித்துக் காட்டியிருப்பேனா? மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் கேட்டது எதற்கு?

நாலைந்து படம் எடுத்துக்கொண்டான். "யார்கிட்டயாவது காட்டிக் கேட்டுக்கறேன் சார்" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். "கேளு தம்பி" என்றேன்.

தேர்தல் முடிந்துவிட்டது. புது லேபிள் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பழையது என் மேஜை டிராயரில், கல்லெழுத்தைக் காகிதத்தில் ஒற்றி எடுத்த மைப்படிச் சுருளோடு கிடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் டார்ச் சாய்க்கும் வித்தையை இன்னமும் செய்கிறேன். அதற்குப் பக்கத்துக் கல்லை எடுத்துக்கொள்கிறேன். அதில் எழுத்து பாதிதான் எழும்.