11 வயது, முழங்கால் உயரம்

மொரீசியஸின் திரியோலே ஊரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பாட்டில் பனைக்கு 11 வயது, தண்டு இன்னும் என் முழங்காலைத் தாண்டவில்லை. அதே வாரம் நட்ட பப்பாளி காய்த்து ஓய்ந்து பட்டே போய்விட்டது. "இதைப் பிடுங்கிட்டு ஒரு மாங்கன்று வையேன்" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால் இது நம் நாட்டு மரம், வடக்கே இருக்கும் ரவுண்ட் தீவுதான் இதன் பிறந்த வீடு, அங்கே கொண்டுபோய் விட்ட ஆடுகளும் முயல்களும் முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்து, காட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்துவிட்டன. 1979-இல் ஆடுகளையும் 1986-இல் முயல்களையும் அகற்றிய பிறகுதான் கன்றுகள் தலைதூக்கின.

சரி, வளர்ப்பவர்களுக்கு ஒன்று. இதன் தலையில் ஒரே சமயத்தில் நான்கைந்து ஓலைதான் இருக்கும், ஒன்று போனாலும் பெரிய இழப்பு. போன வருடம் தைப்பூசக் காவடிக்காக வீட்டைச் சுத்தம் செய்தபோது மஞ்சள் புள்ளி விழுந்த இரண்டு ஓலைகளை வெட்டிவிட்டேன், அப்புறம் அடுத்த ஓலையும் மஞ்சளாகிவிட்டது. பொட்டாசியம் குறைந்தால் பனை பழைய ஓலையிலிருந்து அதை எடுத்துத்தான் புதுக் குருத்துக்குக் கொடுக்கிறது. முழுக்கக் காய்ந்து பழுப்பாகும் வரை கை வைக்காதீர்கள். நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் கட்டாயம் வேண்டும்.

இப்போது ஒரு குருத்து ஈட்டி மாதிரி எழும்பியிருக்கிறது, தினமும் காலையில் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.