மழையில் கடம்பூர் மலைக்கு: கோல்ட் ஏர் இன்டேக் போட்ட காரோடு

கோவையில் கிளம்பி அன்னூர், புளியம்பட்டி, சத்தி (சத்தியமங்கலம்). அங்கிருந்து கெம்பநாயக்கன்பாளையம் தாண்டி மலை ஏறினால் கடம்பூர், அதற்கும் உள்ளே மாக்கம்பாளையம். ஐப்பசி, கார்த்திகையில் போனால் மலை முழுக்கப் பச்சை பிடித்து, மக்காச்சோளமும் ராகியுமாக நிற்கும். வடகிழக்குப் பருவமழை பெய்வதும் அப்போதுதான். இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்றை இழுத்துத் தரும் கோல்ட் ஏர் இன்டேக் மாட்டிய காரை எடுத்துக்கொண்டு இந்தத் தடத்தில் போகிறவர்கள் கிளம்புமுன் வீட்டு வாசலிலேயே ஒரு வேலையை முடித்துவிட வேண்டும்.

இன்ஜினுக்குக் காற்றை வடிகட்டித் தருவதற்காகக் கம்பெனியில் வரும் ஏர் பாக்ஸின் வாய் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு மேலே, பானட் விளிம்பை ஒட்டி இருக்கும். கோல்ட் ஏர் இன்டேக் அதை எடுத்துவிட்டு, நீளமான பைப்பில் ஃபில்டரை பம்பருக்குப் பின்னால், முன் சக்கரத்துக்கு முன்பக்கமாகக் கீழே இறக்கிவிடுகிறது. இன்ஜின் சூடு படாத காற்று கிடைக்கும்; 10 டிகிரி குறைந்தால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அந்த 3 சதவீதம் பெரிது. மழையில் சத்தி ரோட்டில் போகிறவருக்கு ஃபில்டர் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் தொங்குகிறது என்பதுதான் பெரிது. டேப் வைத்து அளங்க. ஃபில்டரின் அடிவிளிம்புதான் கணக்கு, பைப்பின் வளைவு இல்லை. வருகிற எண்ணில் அலைக்கு என்று 15 செ.மீ. கழித்தால், மிச்சம் இருப்பதுதான் அந்தக் கார் இறங்கலாம் என்கிற தண்ணீர். ஃபில்டர் 30 செ.மீ.யில் இருந்தால் 15 செ.மீ. தண்ணீருக்கு மேல் அந்தக் காருக்கு வேலை இல்லை. கம்பெனி இன்டேக் இருக்கிற சின்னக் காருக்கே பாதி சக்கர உயரம்தான் எல்லை. 175/65 ஆர்14 டயரில் அது 29 செ.மீ.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி. கம்ப்ரஷன் ரேஷியோ 11-க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 30 மில்லி. காற்று அந்த இடத்துக்குள் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. இரண்டு டேபிள்ஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் நடுவழியில் முட்டி நிற்கும், அதைத் தாங்கித் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். இதைத்தான் ஹைட்ரோலாக் என்கிறோம். டீசலில் ரேஷியோ 16-க்குப் பக்கம் வருவதால் மிஞ்சும் இடம் இன்னும் குறைவு.

மழைக்காலத்துக்கு எங்கள் சிபாரிசு, கீழ்ப் பைப்பைக் கழற்றிவிடுவது. நிறைய கிட்களில் பைப் இரண்டு துண்டாக, நடுவில் சிலிக்கான் ஹோஸ் போட்டு இணைத்திருக்கும். கீழ்த்துண்டை எடுத்துவிட்டு ஃபில்டரை மேல்துண்டிலேயே மாட்டலாம். 10 எம்.எம். சாக்கெட்டும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும். இன்ஜின் சூட்டுக் காற்று கொஞ்சம் வரும், வந்துவிட்டுப் போகட்டும். கிளாம்பை ஹோஸ் பிதுங்காத அளவுக்கு இறுக்குங்க. உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாருக்கு அப்பால் இருக்கிற இணைப்பு லூஸாக இருந்தால், கணக்கில் வராத காற்று நுழைந்து ஐடிலிங் ஏறி இறங்கும், செக் இன்ஜின் லைட்டும் எரியும். ஒரே துண்டுப் பைப் என்றால் பழைய ஏர் பாக்ஸையே திரும்ப மாட்டுவது நல்லது. அதன் அடியில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டை ஒன்று உண்டு. வேப்பஞ்சருகும் புழுதியும் சேர்ந்து அது அடைத்திருக்கும், குச்சி விட்டுக் குத்திவிடுங்க.

பைபாஸ் வால்வு என்று ஒன்று விற்கிறார்கள். ஃபில்டர் முழுகினால் உறிஞ்சும் வேகத்தில் ரப்பர் திறந்து, மேலே இருக்கிற காற்றை எடுத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஃபில்டருக்கும் சென்சாருக்கும் நடுவில், கூடிய மட்டும் உயரத்தில் வைக்க வேண்டும். டர்போ வண்டிகளுக்கு அது ஆகாது. ஃபில்டருக்கு மேலே போடும் தண்ணீர் ஒட்டாத துணி உறை, சக்கரம் வாரி அடிக்கும் தெறிப்பைத் தடுக்கும், முழுகினால் காப்பாற்றாது. தெறிப்புக்கு அதைவிட முக்கியம் சக்கரத்துக்கு உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் லைனர். இன்டேக் மாட்டும்போது அதைக் கழற்றியவர்கள் கிளிப்பைப் பாதி போட்டு, பாதி விட்டிருப்பார்கள். லைனர் ஒரு ஓரத்தில் தொங்கினாலே டயர் நேராக ஃபில்டரில் தண்ணீரை அடிக்கும். காணாத கிளிப்பையெல்லாம் வாங்கிப் போட்டுவிடுங்க.

வழியில் முதல் சோதனை கோவைக்குள்ளேயே இருக்கிறது. லங்கா கார்னர், கிக்கானி ஸ்கூல் பக்கத்துப் பாலம், அவிநாசி ரோடு பாலத்தின் கீழ் என்று ரயில் பாதைக்கு அடியில் போகிற இடங்களில் ஒரு மணி நேரம் நல்ல மழை அடித்தாலே தண்ணீர் கட்டிக்கொள்ளும். அங்கே எதிரே வருகிற பஸ் தள்ளிக்கொண்டு வரும் அலையைப் பாருங்க. பக்கச் சுவரில் மோதித் திரும்பி, பம்பர் மேல் ஏறி, கிரில் வழியாக உள்ளே போகும். சும்மா கிடக்கிற தண்ணீர் முக்கால் அடிதான் என்றாலும் அந்த ஒரு நொடியில் ஃபில்டர் முழுகிவிடும். பெரிய வண்டி உள்ளே இருந்தால் அது வெளியேறும்வரை மேட்டிலேயே நில்லுங்க, பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் சரி.

மலை ஏறுவதில் இன்டேக்குக்குத் தொந்தரவில்லை, வெறும் மழை ஃபில்டரை ஒன்றும் செய்யாது. கடம்பூர் தாண்டி மாக்கம்பாளையம் பக்கம்தான் விஷயம். குரும்பூர் பள்ளம், சர்க்கரைப்பள்ளம் இரண்டும் காட்டாறு. மேலே மலையில் பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும், பஸ்ஸே நின்றுபோன இடங்கள். ஓரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் "ஏனுங்கண்ணா, தண்ணி எவ்வளவு ஓடுதுங்க?" என்று கேளுங்க. "முழங்காலுக்கு வருதுங்க" என்றால் அது ஒன்றரை அடி. காரைத் திருப்பிக்கொண்டு கடம்பூருக்கே வந்துவிடுங்க. ஓடுகிற தண்ணீர் கலங்கலாக ஏறிக்கொண்டிருந்தால் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இறங்கக் கூடாது.

கணுக்காலளவு என்றால் ஏ.சி.யை நிறுத்துங்க, இல்லாவிட்டால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றித் தண்ணீரை வாரி இறைக்கும். முதல் கியரில், 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம்.மில், ஆள் நடக்கிற வேகத்தில், நடுவில் கியர் மாற்றாமல் போகணும். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த உறிஞ்சும் பலமும் கூடும், முன்னால் எழும் அலையும் உயரும்.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியை ஆஃப் செய்துவிட்டு நியூட்ரலில் தள்ளிக் கரையேற்றுங்க. செல்ஃப் அடிக்கவே கூடாது. தானாக நின்ற இன்ஜின் பிழைத்திருக்கலாம். அதற்குப் பிறகு அடிக்கிற செல்ஃபில் ராடு வளையும். ஃபில்டரைக் கழற்றி, பைப்பின் உள்ளே விரல் விட்டுப் பாருங்க. ஈரம் தட்டினால் டோ பண்ணி சத்திக்குக் கொண்டுபோவதுதான் வழி. மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர், காயில் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு, விட்டுவிட்டு சில நொடிகள் செல்ஃப் அடித்தால் தண்ணீர் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சி வரும். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த மாதிரி இருந்தால் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்ற வேண்டும். கடைசியாக நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்க. ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்த ராடு வளைந்திருக்கலாம், அப்படியே ஓட்டினால் ஒருநாள் உடைந்து பிளாக்கையே துளைக்கும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸில் இந்தச் செலவு பெரும்பாலும் வராது. இன்ஜின் புரொடெக்‌ஷன் ஆட்-ஆன் எடுத்திருக்கிறதா என்று பாலிசியைக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளணும்.

நல்லபடியாக இறங்கி வந்ததும் சேறு போக வாட்டர் சர்வீஸுக்கு விடுவீங்க. பானட்டைத் திறந்து பிரஷர் தண்ணீர் அடிக்குமுன் ஃபில்டரைப் பாலிதீன் பையில் சுற்றிக் கட்டச் சொல்லுங்க, ஸ்டார்ட் பண்ணுமுன் அவிழ்க்கவும் சொல்லுங்க. காட்டன் ஃபில்டர் நனைந்திருந்தால் நிழலில் காயவிட்டு, அதற்குரிய எண்ணெயை மடிப்புக்கு ஒரு கோடாக மெல்லப் போட்டாலே ஊறிவிடும். அதிகமானால் எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்து பிக்கப் குறையும்.