பம்பிங் எவ்வளவு?

பிப்ரவரி 9

சி.சி.யு.வில் (இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவு) எக்கோ, அதாவது இதய ஸ்கேன். லாரி ஓட்டுநர், ஐம்பதைத் தாண்டியவர். ராத்திரி வந்த நெஞ்சுவலியை வாயு என்று நினைத்துச் சோடா குடித்துப் பார்த்துவிட்டு, விடிந்த பிறகுதான் வந்திருக்கிறார். மாரடைப்பு; இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் தரும் எல்.ஏ.டி. குழாயில் முழு அடைப்பு; ஸ்டென்ட் வைத்தாயிற்று. இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்துப் பார்த்தேன். முன்சுவர் மந்தம், நுனி அசையவே இல்லை. நுனியில் ரத்தக்கட்டி ஒளிந்திருக்கிறதா என்று நன்றாகத் தேடினேன், இல்லை. இ.எஃப்., அதாவது ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 34%.

வெளியே அவர் மனைவி. "பம்பிங் எவ்வளவு மேடம்?" சொன்னதும், "அப்போ மிச்சமெல்லாம் போச்சா?" என்று அழுதுவிட்டார். நல்ல இதயமே ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் 55 முதல் 70% வரைதான் வெளியே தள்ளும். இதை யாரும் சொல்வதில்லை, எண்ணை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

பிப்ரவரி 10

அடைப்பு நீங்கினாலும் தசை உடனே எழுந்துவிடாது. உயிரோடு இருப்பதுகூட சில நாள், சில சமயம் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்யும். செத்த தசையும் அசையாது, இதுவும் அசையாது. சாதாரண எக்கோவில் பிரித்துச் சொல்வது கஷ்டம். எம்.ஆர்.ஐ. கேட்டிருக்கிறேன். எல்லாருக்கும் கேட்பதில்லை, செலவு அப்படி.

பிப்ரவரி 13

"ஸ்டென்ட் உலோகம்தானே, மெஷின் இழுத்துடாதா?" என்று மகன் கேட்டார். இழுக்காது, ஸ்டென்ட் வைத்த வாரமே எடுக்கலாம்.

காடோலினியம் என்ற, எம்.ஆர்.ஐ. படத்தில் வேறுபாட்டைக் காட்டும் மருந்தை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் போலக் காத்திருக்க வேண்டும். நல்ல தசையிலிருந்து மருந்து வெளியேறிவிடும், செல்கள் உடைந்த இடத்தில் தங்கிவிடும். படத்தில் நல்லது கறுப்பு, செத்தது வெள்ளை. "மூச்சை விட்டு அப்படியே நிறுத்துங்க" என்று ஒவ்வொரு படத்துக்கும் மைக்கில் சொல்ல, பாவம், நன்றாகவே ஒத்துழைத்தார்.

முன்சுவரில் வெள்ளை உள்விளிம்போடு சரி, தடிமனில் கால்பங்குதான். நுனியில் முழுத் தடிமனும் வெள்ளை, அதன் நடுவே ஒரு கறுப்புத் திட்டு. அந்தத் திட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய குழாயை ஸ்டென்ட் திறந்துவிட்டது. கீழே உள்ள நுண்குழாய்கள் அடைபட்டு, மருந்துகூட அங்கே போய்ச் சேரவில்லை. ஆஞ்சியோவில் ரத்தம் ஜோராக ஓடுவதைப் பார்த்து 'வெற்றி' என்று எழுதிவிடுகிறோம். தசையைக் கேட்டால் வேறு பதில் வருகிறது.

வெள்ளை பாதித் தடிமனைத் தாண்டினால், ரத்த ஓட்டத்தைச் சரிசெய்த பிறகும் அந்த இடம் மறுபடி சுருங்குவது அபூர்வம் என்று ரேமண்ட் கிம் குழு 2000-ல் காட்டியது. ரிப்போர்ட்டில் எழுதினேன்: முன்சுவர் தேற வாய்ப்பு அதிகம், நுனி சந்தேகம்.

பிப்ரவரி 14

மாரடைப்பில் செத்த தசையின் அளவு பற்றி 2016-ல் வந்த ஸ்டோன் குழுவின் கட்டுரையை மறுபடி எடுத்தேன். 10 ஆய்வுகள், 2,632 நோயாளிகள். செத்த பகுதியின் அளவு இடது கீழறையில் 5% கூடக் கூட, ஓராண்டுக்குள் இறக்கும் அபாயம் 19% ஏறியிருக்கிறது. சோடா குடித்த அந்த சில மணி நேரத்தின் விலை.

மே 15

மறு எக்கோ. அளப்பவர் மாறினாலே ஐந்து புள்ளி முன்பின் வரும் என்பதால் நானே பார்த்தேன். 46%. முன்சுவர் நன்றாகச் சுருங்குகிறது, நுனி அப்படியே கிடக்கிறது. மருந்து சாப்பிட்டும் 35%-ஐத் தாண்டாமல் நின்றிருந்தால் ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்பு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும், உடலுக்குள் வைக்கும் கருவி) பேச்சு எடுத்திருப்போம், தேவைப்படவில்லை. பீடியை விட்டாராம். தலைசுற்றுகிறது என்று ஒரு மாத்திரையையும் விட்டிருக்கிறார்! அளவைக் குறைத்து மறுபடி எழுதினேன்.

லாரி எடுக்கலாமா என்று கேட்டார். ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றேன், முகம் வாடிவிட்டது. அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறேன்.