மூலையில் மாட்டினால் முதலில் கை அடங்கட்டும்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 சண்டை வீடியோ கேமில் பின்பக்கத் திசையை அமுக்கி பிளாக் (அடியைத் தடுப்பது) பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் டிஃபென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். சும்மா பிளாக் செய்தாலே டிரைவ் கேஜ் (சிறப்பு அசைவுகளுக்குச் செலவாகும் சக்தி அளவு) கரையும். இருப்பது 6 கட்டம்தான். அது தீர்ந்தால் பர்ன்அவுட்: ஸ்பெஷல் அடிகளைத் தடுத்தாலும் உயிர் குறையும், தடுத்த ஒவ்வொரு அடியும் உங்களைக் கூடுதலாக 4 ஃபிரேம் (ஒரு ஃபிரேம் என்பது விநாடியில் 60-இல் ஒரு பங்கு) பிடித்து வைக்கும். கியாசு (எதையும் இழந்துவிடக் கூடாது என்ற பயம்) ஆட்டம் தப்பில்லை. கேஜ் விஷயத்திலும் அதே கியாசு வேண்டும்.

உண்மையான சிக்கல் விழுந்து எழும் நேரத்தில் வருகிறது. எழுந்தவுடன் பட்டனை அமுக்கினால் எதிராளியின் அடி கவுண்டர் ஹிட்டாக (உங்கள் அடியை முந்தி, கூடுதல் சேதத்தோடு) விழும். பிளாக்கிலேயே இருந்தால் த்ரோ, அதாவது பிளாக்கால் தடுக்க முடியாத பிடி. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி டிலே டெக்: எழும்போது பிளாக் பிடித்தபடி, சில ஃபிரேம் தாமதித்து த்ரோ பட்டன்களை அமுக்குங்கள். அடி வந்திருந்தால் நீங்கள் ஏற்கெனவே தடுத்துக்கொண்டிருப்பீர்கள், த்ரோ வெளியே வராது. த்ரோ வந்திருந்தால் டெக் ஆகும், அதாவது பிடி விடுபடும்.

இதையே பழக்கமாக்கினால் எதிராளி ஷிம்மி போடுவார். அரை அடி பின்னால் நகர்வார், உங்கள் த்ரோ காற்றைப் பிடிக்கும், பனிஷ் கவுண்டர் (தவறவிட்ட அசைவைத் தண்டிக்கும், சேதம் கூடிய அடி) காம்போ விழும். அதனால் சில தடவை த்ரோவை வாங்கிக்கொள்வதே லாபம். பெரும்பாலான கதாபாத்திரங்களின் 10,000 உயிரில் சாதாரண த்ரோ எடுப்பது 1,200தான். மனசு கேட்காது, ஆனால் கணக்கு சரி.

பாரி (டிரைவ் கேஜைச் செலவழித்து அடியை ஏற்றுத் தள்ளும் தற்காப்பு) எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. பாரி பிடித்திருக்கும்போது த்ரோ வாங்கினால் அதுவும் பனிஷ் கவுண்டர்தான். தடுத்தபடியே எதிராளியைத் தள்ளிவிடும் டிரைவ் ரிவர்சலுக்கு 2 கட்டம் செலவு. எதிராளி எதிர்பார்த்துத் தடுத்துவிட்டால் திருப்பி அடி வாங்குவீர்கள்.

அடியைத் தாங்கிக்கொண்டே பாயும் பலத்த அடியான டிரைவ் இம்பாக்ட் வெளிவர 26 ஃபிரேம், ஏறத்தாழ 0.43 விநாடி. பார்த்துத் திருப்பியடிக்க நேரம் உண்டு. தவறுவது பெரும்பாலும் கண்ணால் அல்ல. அந்தக் கணத்தில் கை வேறு ஏதோ அடியில் மாட்டியிருக்கும். மூலையில் அதைத் தடுத்தாலும் சுவரில் மோதுவீர்கள், பர்ன்அவுட்டில் என்றால் ஸ்டன் (கொஞ்ச நேரம் அசைய முடியாது).

பழக: டிரெய்னிங் மோடில் டம்மிக்கு (பயிற்சி எதிராளிக்கு) மூன்று பதிவு போடுங்கள். மூன்றும் ஆளை விழவைக்கும் கீழ் உதையில் (ஸ்வீப்) தொடங்கட்டும்; பிறகு ஒன்றில் த்ரோ, ஒன்றில் அடி, ஒன்றில் பின்னால் நகர்ந்து அடி. மூன்றையும் ரேண்டமாக ஓடவிட்டு, உதையை வேண்டுமென்றே வாங்கி எழுங்கள்.

ஆன்லைனுக்கு லேன் கேபிள் போடுங்கள். எச்டிபி (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) பிளாக்கில் சுற்றிலும் பக்கத்து வீட்டு வைஃபைதான். சரியான கணத்தில் பிடிக்கும் பெர்ஃபெக்ட் பாரிக்கு 2 ஃபிரேம்தான் இடம். லேக் ஒரே சீராக இருந்தால் கை பழகிவிடும், ஏறி இறங்கினால் பழகாது.